அக்காவின் கட்டியும் என் ரயில் உதாரணமும்

எனக்கு உதாரணம் சொல்கிற வியாதி ஒன்று உண்டு. இருபத்திரண்டு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். எதைச் சொன்னாலும் கூடவே ஒரு உதாரணம் சொல்லாவிட்டால் எனக்குத் தொண்டைக்குள் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். சிறுநீரகம் என்றால் டீ வடிகட்டி. இதயம் என்றால் மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். பாடத்தை மறந்தாலும் உங்கள் உதாரணத்தைப் பிள்ளைகள் மறப்பதில்லை என்று எங்கள் தலைமையாசிரியை என்னைப் பாராட்டியிருக்கிறார். அந்தப் பாராட்டைத் தூக்கிக் குப்பையில்தான் போட வேண்டும். என் அக்காவும் மறக்கவில்லை, அதுதான் பிரச்சினை.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். தபால் ஆபீஸில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவள். அத்தான் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது, மகன் பெங்களூரில் இருக்கிறான். அவள் மாடம்பாக்கத்தில் தனி வீட்டில் இருக்கிறாள், நான் செம்பாக்கத்தில். ஸ்கூட்டியில் பத்து நிமிடம், மழை பெய்தால் அரை மணி நேரம்.

போன மார்ச் மாதம், நான் விடைத்தாள் திருத்துவதில் மூழ்கிக் கிடந்த ஒரு சாயங்காலம், அவள் போன் செய்தாள். கிரைண்டர் ஓடவில்லை, ரிப்பேர்காரர் நம்பர் வேண்டும் என்றாள். கொடுத்தேன். பிறகு மாவு புளித்துப்போனது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது எல்லாம் பேசிவிட்டு, வைக்கப் போகும்போது, "இடது மார்ல ஒரு கட்டி மாதிரி இருக்குடி, சூட்டுக் கட்டியா இருக்கும்" என்றாள். கிரைண்டருக்கு முதலிடம், கட்டிக்குக் கடைசி இடம். அவள் எப்போதுமே அப்படித்தான்.

விடைத்தாள்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். தொட்டுப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவு இருந்தது. கல் மாதிரி கெட்டி. நகர்த்தினால் நகரவில்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். அமுக்கினால் கொஞ்சம் வலிக்கிறது என்றாள்.

அந்த நிமிடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அதோடு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு, ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன்.

நல்ல செல்லுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று ஆரம்பித்தேன். பக்கத்துச் செல் இடித்தால் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். வயதாகிவிட்டாலோ, உள்ளே சரிசெய்ய முடியாத பழுது வந்தாலோ, தானே செத்துப்போகும். தனக்குக் கீழே விரித்திருக்கும் மெல்லிய சவ்வின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் தாண்டாது. புற்றுச் செல்லுக்கு இது எதுவும் கிடையாது. இடமே இல்லாவிட்டாலும் பிரிந்துகொண்டே போகும். சாக வேண்டிய நேரத்தில் சாகாது. சாப்பாட்டுக்குப் புதிது புதிதாக ரத்தக் குழாய்களைத் தன் பக்கம் வளர வைத்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் அக்கம்பக்கத்தோடு இருந்த ஒட்டும் விட்டுப்போகும். அடியில் இருக்கும் சவ்வைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து, நிணநீர்க் குழாயிலோ ரத்தத்திலோ இறங்கிவிடும்.

இதோடு நிறுத்தினேனா? இல்லை. உதாரணம் வேண்டுமே!

நல்ல செல் என்பது தாம்பரத்திலேயே இருந்துவிடுகிற ஆள், புற்றுச் செல் டிக்கெட் இல்லாமல் பீச் போகும் மின்சார ரயிலில் ஏறுகிற ஆள் என்றேன். முதல் ஸ்டேஷன் அக்குள். அங்கே இறங்கினால் அக்குளில் நெறி கட்டும். அங்கே இறங்காமல் போனால் எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை என்று எந்த ஸ்டேஷனிலும் இறங்கிக் குடித்தனம் பண்ணும். எங்கே இறங்கினாலும் அது மார்பகச் செல்லாகவேதான் இருக்கும், போன ஊர்க்காரனாக மாறிவிடாது. வண்டி ஏறுவதற்கு முன்னால் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்று முடித்தேன்.

அக்கா கண் கொட்டாமல் கேட்டாள். நடுவில் நல்ல கேள்வி ஒன்றும் கேட்டாள், எல்லாச் செல்லும் போய் இறங்கிப் பிழைத்துவிடுமா என்று. இல்லை, வழியிலேயே பெரும்பாலும் செத்துப்போகும், ஆனால் பிழைக்கும் ஒன்றிரண்டே போதும் என்றேன். வீட்டுக்குத் திரும்பும்போது, இன்று நன்றாக நடத்தினோம் என்று எனக்கு ஒரு திருப்தி வேறு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் அறுவை சிகிச்சை டாக்டரம்மாவிடம் அழைத்துக்கொண்டு போனேன். தொட்டுப் பார்த்தார், மேமோகிராம் எடுக்கச் சொன்னார், படத்தைப் பார்த்தார். ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், அன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தோம். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசி வேணாம்டி."

ஏன் என்று கேட்டேன்.

"நீதானே சொன்ன. அது இப்ப தாம்பரத்துலயே இருக்கு. ஊசியால குத்தினா நாமளே கதவத் திறந்து வண்டியில ஏத்திவிட்ட மாதிரி ஆயிடாதா?"

கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயம் எங்கள் பக்கம் புதிதல்ல. ஜெபக்கூட்டத்தில், ஷேர் ஆட்டோவில், கல்யாணப் பந்தியில் என்று எங்கே போனாலும் ஒருவர் சொல்வார். குத்தினார்களாம், அடுத்த மாதமே ஆள் போய்விட்டாராம். முற்றிய பிறகு போனவர்கள் அவர்கள் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அந்த வெறும் பயத்துக்கு நான்தான் படம் போட்டு, ஸ்டேஷன் பெயரெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மறுபடியும் விளக்கினேன். கதவு திறக்க அதற்கு ஊசி தேவையில்லை, சவ்வைக் கரைக்கும் சாமான் அதனிடமே இருக்கிறது என்றேன். டாக்டரம்மாவிடம் திரும்பக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ஊசி வழியாகப் பரவுவது மிகமிக அபூர்வம், அதற்குப் பயந்து எந்த டாக்டரும் ஊசியை நிறுத்துவதில்லை, என்ன கட்டி என்று தெரியாமல் எந்த வைத்தியமும் தொடங்க முடியாது. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும், "பாக்கலாம்" என்றாள். அவள் அகராதியில் அதற்கு முடியாது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு நான் கத்தாத நாளில்லை. பாடப் புத்தகத்தைக் கொண்டுபோய் முகத்துக்கு நேரே விரித்தேன். அவள் மகனைப் போனில் பேச வைத்தேன். படித்த திமிர் என்றாள். ஆமாம், திமிர்தான், படித்ததை எங்கே காட்டுவது, சுவரிலா என்று நானும் விடவில்லை. இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. இருவருக்கும் அம்மாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது, என்னைக் கேட்டால் அவளுக்குத்தான் அதிகம்.

ஜூன் மாதம் வலி போய்விட்டது. தினமும் அமுக்கி அமுக்கிப் பார்த்ததில் வந்த வலி அது. அமுக்குவதை நிறுத்தினாள், நின்றது. புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, வலி இல்லை என்பது நல்ல செய்தியே இல்லை. இதை நான் சொல்வதற்குள் காரியம் கைமீறிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சாட்சி சொல்கிறவர்கள் முன்னால் வரலாம் என்றதும் அக்கா எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள். மார்பில் இருந்த வலியைக் கர்த்தர் முழுவதுமாக எடுத்துவிட்டார் என்றாள். சபை முழுக்க அல்லேலூயா. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நான் பைபிளைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கும் விசுவாசம் உண்டு. ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் சபையில் சாட்சி சொன்னவர்கள் அதைத் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை. அப்படிச் சட்டம் எதுவும் இல்லை, யாரும் செய்ததில்லை, அவ்வளவுதான். இனி அவள் ஊசிக்குப் போனால், அத்தனை பேர் முன்னால் சொன்னது பொய் என்றாகிவிடும். கர்த்தரை அவமானப்படுத்துவதா என்பாள். பாஸ்டருக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, சிஸ்டர், வலி போனதென்றுதான் சொன்னீர்கள், கட்டி போனதென்று சொல்லவில்லையே, டாக்டருடைய கையும் கர்த்தர் கொடுத்ததுதானே என்று தன்மையாக எடுத்துச் சொன்னார். அக்கா அவருக்குக் காபி கொடுத்து, முறுக்கு கொடுத்து, கும்பிட்டு அனுப்பி வைத்தாள். போகவில்லை.

ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. ஒவ்வொரு தடவை அவள் வீட்டுக்குப் போகும்போதும் ரவிக்கைக்குள் அது வளர்ந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்போடுதான் அவள் ஊற்றிய தோசையைச் சாப்பிட்டேன். நானே அவளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போக முடியுமா? ஐம்பத்தேழு வயது மனுஷி. உடம்பு அவளுடையது. இந்த நியாயமெல்லாம் எனக்கும் தெரியும், தெரிந்து என்ன பிரயோஜனம்?

நவம்பரில், நல்ல மழை நாளில், கொடியில் துணி போடக் கையைத் தூக்க முடியவில்லை என்று அவளே கூப்பிட்டாள். அக்குளில் இரண்டு கட்டி. மார்பில் தோல் உள்ளே இழுத்துக் குழிந்திருந்தது. அவளே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஆட்டோ நீந்திக்கொண்டு போனது. அன்றைக்கே ஊசி குத்தினார்கள், மார்பில் ஒன்று, அக்குளில் ஒன்று. அரை மணி நேரத்தில் முடிந்தது. எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது என்றாள். எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை.

அந்த ஆஸ்பத்திரி லேபில் திசுக்களைப் பார்க்கும் டாக்டர் என் பழைய மாணவி. முடிவை நேரில் சொல்லக் கூப்பிட்டாள். நான் கேட்டதற்காக மைக்ராஸ்கோப்பில் பார்க்கவும் விட்டாள். இருபத்திரண்டு வருடம் கரும்பலகையில் வரைந்த சமாசாரத்தை என் அக்காவின் சதையில் பார்த்தேன். முதலில் கெடாத ஒரு மூலையைக் காட்டினாள். பால் குழாயைச் சுற்றி ஒரே அளவுச் செல்கள், ஒழுங்காக இரண்டு அடுக்கு. உதாரணம் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு கண்ணாடித் துண்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். குழாயும் இல்லை, அடுக்கும் இல்லை. உட்கரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில், கறுத்து, வீங்கி, செல்லையே அடைத்துக்கொண்டிருந்தது. பாதி பிரிந்த நிலையில் சில நின்றன. கொழுப்புக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தன சில.

அடுத்தது அக்குளில் எடுத்தது. அங்கே இருக்க வேண்டிய சின்னச் சின்ன உருண்டைச் செல்களுக்கு நடுவே அதே வீங்கிய முகங்கள் கும்பலாக உட்கார்ந்திருந்தன. இவை எப்போது வந்திருக்கும் என்று கேட்டேன்.

"மாசக்கணக்கா ஆகியிருக்கும் மிஸ். ஊசி குத்தின அன்னிக்கே எடுத்த சாம்பிள்தானே இது, அப்பவே அங்க இருக்கு" என்றாள்.

டிசம்பரில் ஸ்கேன். முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் புள்ளிகள். முழுதாகக் குணப்படுத்த முடியாது, மருந்தால் கட்டுப்படுத்தி வைத்திருக்கலாம் என்றார் டாக்டர். மார்ச்சிலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். எப்போது எலும்புக்குப் போனது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அப்போது வாய்ப்பு நன்றாகவே இருந்திருக்கும் என்றார்.

முதல் கீமோவுக்கு முந்தைய நாள் அக்கா கட்டிலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். "மார்ச்சுல வெறும் கட்டி. அக்டோபர் வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். நவம்பர்ல ஊசி. டிசம்பர்ல எலும்பு வரைக்கும் போயிடுச்சு. ஊசியாலதானேடி?"

பதில் என் கையில் இருந்தது. கண்ணால் பார்த்த அத்தாட்சியோடு இருந்தது. எட்டு மாதம் தொண்டை வற்றக் கத்தியதற்கு, இதோ என்று காட்டிவிடலாம். வாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது. ஊசி இல்லையென்றால் மிச்சம் இருப்பது அவள் போக மறுத்த அந்த எட்டு மாதம்தான். நான் ஜெயித்தால், தன்னைத் தானே கெடுத்துக்கொண்டாள் என்றாகிவிடும். நாளைக்குக் காலையில் மருந்து ஏற்றிக்கொள்ளப் போகிறவளிடம் அதையா சொல்வது?

"இருக்கலாம்க்கா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரி விடு. நல்லதுன்னு நினைச்சுத்தான் கூட்டிக்கிட்டுப் போன. உன்மேல எனக்கு வருத்தம் இல்ல. மன்னிச்சிட்டேன்."

மன்னித்துவிட்டாள்! நான் குளியலறைக்குப் போய், குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, பக்கெட்டை ஓங்கி ஓர் உதை விட்டேன். கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

அவள் அதோடு விடவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், என் தங்கச்சியை யாரும் ஒன்றும் சொல்லாதீர்கள், பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று பரிந்து பேச ஆரம்பித்தாள். சபையில் எனக்குக் கிடைத்த இரக்கப் பார்வைகளைச் சொல்லி மாளாது. ஒரு அம்மா என் தலையில் கைவைத்து ஜெபமே பண்ணிவிட்டார். பிளஸ் டூவுக்குப் புற்றுநோய்ப் பாடம் எடுக்கிற நான், தலையைக் குனிந்து ஆமென் சொன்னேன். ஆனாலும் அவள் கீமோவுக்கு ஒழுங்காக வந்தாள், ராத்திரி தூங்கினாள். அதற்காகச் சகித்துக்கொண்டேன்.

ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை. இரண்டாவது கீமோ முடிந்து அக்காவின் தலையில் முடியெல்லாம் கொட்டிவிட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கோவளம் பக்கத்திலிருந்து புதனும் சனியும் எங்கள் தெருக்களில் மீன் கொண்டுவரும் அம்மா, கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்து சங்கராவுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். நான் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் அக்காவைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும் ஒண்ணு கீதுக்கா, இந்தப் பக்கம். ரெண்டு மாசமா கீது. ஊசி குத்திப் பாக்கணும்னு ஆஸ்பத்திரில சொல்லிகினு கீறாங்க."

"குத்திக்காத" என்றாள் அக்கா உடனே. "நான் குத்திக்கிட்டுத்தான் இப்படி ஆனேன். தெரிஞ்சே போய் மாட்டிக்காத."

மீன்காரம்மா என் பக்கம் திரும்பினாள். "இன்னா டீச்சரம்மா, அக்கா சொல்றது நெசமா?"

அந்த நேரத்தில் அக்காவின் முகத்தைத்தான் பார்த்தேன். புருவத்தில்கூட முடி இல்லாத முகம். அவள் நிம்மதியாக இருந்தாள், நான் ஆமாம் என்பேன் என்ற நம்பிக்கையில். ஆமாம் என்றால் இன்னொருத்தி கட்டியை அக்குள்வரை வளரவிடுவாள். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல் எல்லார்மேலும் வந்தது.

"இல்ல. ஊசியால இல்ல. குத்தறதுக்கு முன்னாடியே அது அக்குளுக்குப் போயிருந்துச்சு, நான் என் கண்ணால பாத்தேன். எட்டு மாசம் குத்தாம இருந்ததுதான் தப்பு. நீ திங்கக்கிழமையே போ. தனியா போகப் பயமா இருந்தா நான் கூட வரேன்" என்றேன்.

மீன்காரம்மா மீதி மீனைச் சீவாமலே பாத்திரத்தில் போட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வரேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. அவள் போன் நம்பரைக் கேட்டு வாங்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, முட்டாள்.

அவள் கேட்டைத் தாண்டியதும் அக்கா, "அப்ப அன்னிக்கு ஏன் இருக்கலாம்னு சொன்ன?" என்று கேட்டாள். நான் மீன் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். அவள் நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மீனை நான் என் வீட்டுக்கு எடுத்துவந்து ஃப்ரிட்ஜில் போட்டேன். யாரும் சாப்பிடவில்லை.

பத்து நாள் என்னோடு பேசவில்லை. அடுத்த கீமோவுக்கு ஒரே ஆட்டோவில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போய்வந்தோம். அதற்கு மறுநாள் புதன்கிழமை. நான் முதல் பீரியடுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. கிரைண்டர், மாவு, பக்கத்து வீட்டு நாய் எதுவும் இல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மீன்காரம்மா இன்னிக்கும் வரலடி. ஊசி குத்திக்கப் போயிருப்பாளா, இல்ல பயந்துபோய் தெருவையே மாத்திட்டாளா?"

தெரியவில்லை என்றேன். தெருவில் எல்லா வீட்டிலும் விசாரித்துவிட்டாளாம், யாருக்கும் அவள் வீடு எங்கே என்று தெரியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை கோவளம் போய்த் தேடு என்றாள். சரி என்றேன்.

"அவ வந்தா நீ வாயத் திறக்காத. நானே சொல்றேன். எட்டு மாசம் சும்மா இருந்தது நான்தான்னு என் வாயால சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் மீன் கொட்டுகிற இடத்திலும், பின்னால் இருக்கிற தெருக்களிலும் இரண்டு மணி நேரம் அலைந்தேன். பெயரும் தெரியாமல் யாரைக் கேட்பது? அக்கா புதனும் சனியும் காலை ஏழு மணிக்கே கேட்டைத் திறந்துவைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். மீன்காரம்மா இன்னும் வரவில்லை.